ஆறு மேற்கோள்களும் ஒரு கடைமடையும்

நீங்கள் கேட்டது இது. கலைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயின் நீர்ப் பங்கீட்டைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, வெளியாகி ஏழு ஆண்டுகளில் ஆறு மேற்கோள்களைத்தான் பெற்றிருக்கிறது; அதாவது, பின்னால் வந்த ஆய்வுகளில் ஆறு முறைதான் அது எடுத்தாளப்பட்டிருக்கிறது. அதிலும் இரண்டு நீங்களே கொடுத்துக்கொண்டவை. ஆனால் அதன் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தார், கடைமடைக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியிருக்கிறார்கள். இதை எந்த எண்ணால் அளப்பது, பதவி உயர்வுப் படிவத்தில் எங்கே எழுதுவது என்பது உங்கள் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை அளக்கும் எண் எதுவும் இல்லை. ஆனால் நிரூபிக்க வழி இருக்கிறது. படிவத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு முழு நீதி கிடைக்காது; கொஞ்சம் கிடைக்கலாம். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

நான் 26 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவன். மேற்கோள்களை எண்ணும் பழக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளை. அதனால் அதன் குணம் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று பட்டியல் வைத்திருந்தார்கள். யூஜின் கார்ஃபீல்டு அந்த யோசனையை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். 1955இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1964இல் பிலடெல்ஃபியாவிலிருந்து ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அவருடைய நோக்கம் தேடல்தான். ஒரு கருத்து எங்கிருந்து புறப்பட்டு எங்கே போனது என்று பின்தொடர்வதற்கான கருவி அது. பிறகு எந்த ஆய்விதழை வாங்குவது என்று நூலகர்கள் முடிவெடுக்க ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ வந்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பது மட்டுமே அது. இதழுக்கு வைத்த தராசில் மனிதர்களை ஏற்றி நிறுத்தியது பின்னால் வந்தவர்கள் வேலை. 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் ஹெச்-இண்டெக்ஸைக் கொடுத்தார் (ஒருவரின் பத்துக் கட்டுரைகள் தலா பத்து மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எண் 10); அதன்பின் ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பு இரண்டு இலக்க எண்ணில் அடங்கிப்போனது.

மேற்கோள் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு துறைக்குள் சக ஆய்வாளர்கள் எதைக் கையில் எடுத்தார்கள் என்பதை அது ஓரளவு நன்றாகவே காட்டும். ஆனால் அது எதை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014இல் தொகுக்கப்பட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெறவே இல்லை. சமையல் குறிப்பு ஜெயித்துவிட்டது, சமையலே தோற்றுவிட்டது என்று நாங்கள் நூலகத்தில் கேலி பேசுவோம். இன்னொரு பக்கம், எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 1998இல் வெளிவந்து 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையும் ஏராளமான மேற்கோள்களைப் பெற்றதுதான்; அவற்றில் பெரும்பங்கு அதை மறுக்க வந்தவை. கணக்குக்குப் பாராட்டும் ஒன்றுதான், வசையும் ஒன்றுதான். ஏமாற்றுவதும் கடினமில்லை. 2024இல் இரண்டு ஆய்வாளர்கள், இந்த ஓட்டையைக் காட்டவே, லேரி என்ற பூனையின் பெயரில் போலிக் கட்டுரைகளை உருவாக்கி இணையத்தில் ஏற்றினார்கள். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலர் அந்தப் பூனைக்கு 132 மேற்கோள்களும் ஹெச்-இண்டெக்ஸ் 11ம் கொடுத்தது. நம்மில் பலருக்கு அந்த 11 கிடையாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அதைச் சொல்ல, நம் ஊரில் நடந்த ஓர் ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையில் மின்சார ரயிலில் போகும்போது ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். காசநோய் வந்தால் வீட்டை விட்டு, ஊரை விட்டு, நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் முழு ஓய்வும் கிடைக்கும் இடத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். 1950களில் இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம் பேர்; படுக்கைகளோ அதில் ஒரு சிறு துளி. இதற்குள் ஐசோனியாசிட் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. மருந்து வேலை செய்கிறதென்றால் கட்டில் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்க ஆண்டுகளில் வழிநடத்தினார்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மறு பகுதியினர் தங்கள் நெரிசலான வீட்டிலேயே. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு. இருந்தும் குணமானவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்து கூடவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. 1962இல் இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்லக் காலியாயின.

இப்போது இதன் தாக்கத்தை எண்ணிப் பாருங்கள். இன்று காசநோய் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் எந்த நோயாளிக்காகவும் எந்த மருத்துவரும் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. புதிதாக எழுதப்படும் ஆய்வுகளும் பெரும்பாலும் காட்டுவதில்லை. வீட்டிலேயே சிகிச்சை என்பது யாரோ நிரூபித்த ஒன்று என்ற நினைவே போய்விட்டது, அது இயல்பாகிவிட்டது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்தார்: உள்வாங்கப்பட்டு அழிந்துபோதல். ஒரு கண்டுபிடிப்பு முழுமையாக வென்றுவிட்டால் அதற்கு மேற்கோள் நின்றுவிடுகிறது. கற்பூரம் கரைந்துவிட்டது, வாசனை மட்டும் இருக்கிறது. நாமோ தட்டில் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மேற்கோளைத் தாண்டி அளப்பது என்றால், ஆய்விலிருந்து கொள்கைக்கு, கொள்கையிலிருந்து நடைமுறைக்கு, நடைமுறையிலிருந்து மக்கள் வாழ்க்கைக்கு என்று தடம் பிடித்துப் போக வேண்டும். பிரிட்டனில் புருனெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பக்ஸ்டனும் ஸ்டீவ் ஹானியும் 1990களில் உருவாக்கிய ‘பேபேக்’ சட்டகம் இதைத்தான் செய்கிறது. ஓர் ஆய்வு அறிவுக்கு என்ன சேர்த்தது, அடுத்த ஆய்வுகளுக்கு எப்படி உதவியது, அரசின் முடிவுகளில் எங்கே நுழைந்தது, உடல்நலத்தில் என்ன மாறியது, பொருளாதாரத்தில் என்ன மாறியது என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு சான்று வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க முயல்வதில்லை என்பதால் எனக்கு அந்தச் சட்டகத்தின் மேல் மரியாதை.

தடம் பிடிப்பதில் இரண்டு கஷ்டங்கள் இருக்கின்றன. இரண்டும் சென்னை ஆய்விலேயே தெரியும். ஒன்று, புகழ் யாருக்கு? ஐசோனியாசிட்டைச் சென்னை கண்டுபிடிக்கவில்லை. மருந்து இல்லாமல் வீட்டுச் சிகிச்சையும் இல்லை. சென்னை ஆய்வு நடக்காமல் போயிருந்தால் சானடோரியங்கள் மூடப்பட்டிருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, பத்தாண்டு தள்ளிப்போயிருக்கலாம். ஆகவே “எங்களால்தான்” என்பதைவிட “எங்கள் பங்கும் உண்டு” என்று எழுதுவதே நேர்மை. இரண்டாவது கஷ்டம் பேசப்படுவது குறைவு. ஆய்வின்போது நோயாளிகளின் வீட்டுக்குத் திடீரென்று போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நாடு தழுவிய திட்டமாக விரிந்தபோது அந்தக் கண்காணிப்பு தளர்ந்தது. பாதியில் மருந்தை நிறுத்தியவர்கள் ஏராளம். 1992இல் திட்டத்தை மறுஆய்வு செய்து, கண்முன்னே மருந்து விழுங்க வைக்கும் முறைக்கு மாறினார்கள். அதற்கான ஆரம்ப ஆய்வுகளிலும் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு என்பது வேறு கதை. ஆய்வு பரவும்போது அதன் உயிரான பகுதி உதிர்ந்துபோவதும் தாக்கத்தின் கணக்கில் வர வேண்டும். எந்த எண்ணும் அதைச் சொல்லாது.

சரி, ஆல்ட்மெட்ரிக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010 அக்டோபரில் ஜேசன் ப்ரீம் உள்ளிட்ட நால்வர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆய்வைப் பற்றிய பேச்சு இணையத்துக்கு வந்துவிட்டது. தரவிறக்கம், சேமிப்பு, வலைப்பதிவு, ட்வீட், விக்கிப்பீடியா என்று தடயங்கள் கிடக்கின்றன. அவற்றையும் எண்ணுவோம் என்றது அது. நியாயமான பேச்சு. மேற்கோள் சேர ஆண்டுகள் ஆகும். இவை நாட்களில் தெரியும். அடுத்த ஆண்டே லண்டனில் யுவான் ஏடி தொடங்கிய ஆல்ட்மெட்ரிக் நிறுவனத்தின் வண்ண வளையத்தை இப்போது பல ஆய்விதழ்ப் பக்கங்களில் பார்க்கலாம். நடுவில் ஓர் எண் இருக்கும். செய்தியில் வந்தால் 8, வலைப்பதிவுக்கு 5, விக்கிப்பீடியாவுக்கு 3 என்று எடை போட்டுக் கூட்டியது அது. ஏன் 8, ஏன் 5 என்று கேட்டால் உறுதியான விடை கிடையாது. யாரோ உட்கார்ந்து முடிவு செய்தது. அந்த நடு எண்ணை நான் பார்ப்பதே இல்லை. வளையத்தைத் திறந்து, யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று படிப்பேன். பயன் அங்கேதான்.

ஏனென்றால் கவனம் வேறு, தாக்கம் வேறு. சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையும் என்று 2015இல் ஒரு கட்டுரை வந்து பல நாட்டுச் செய்தித்தாள்களில் தலைப்பானது நினைவிருக்கலாம். உணவுச் செய்திகள் எவ்வளவு அலட்சியமாக எழுதப்படுகின்றன என்று காட்டுவதற்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே போட்ட தூண்டில் அது. ஆல்ட்மெட்ரிக்ஸ் கணக்கில் அது ஒரு வெற்றி. இன்னொன்று, இந்தத் தடயங்கள் தனியார் நிறுவனங்களின் வாசலில் கிடப்பவை. ட்விட்டர் 2023இல் தன் தரவுக்குக் கட்டணம் போட்டதும், அதை நம்பி நடந்த பல ஆய்வுகள் நின்றன. எனக்கு இவற்றில் நம்பிக்கை தரும் இழை கொள்கை ஆவணங்கள்தான். அரசு அறிக்கைகளும் ஆணையங்களின் பரிந்துரைகளும் எந்த ஆய்வை எடுத்தாளுகின்றன என்று தேட, அதே ஏடி பின்னர் ஓவர்டன் என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார். ஆனால் இணையத்தில் ஏறாத ஆவணம் அதன் கண்ணில் படாது. ஒரு கிராமத்துப் பாசன சங்கத்தின் தீர்மானப் புத்தகம் நிச்சயமாகப் படாது.

அரசே தாக்கத்தை மதிப்பிட்டுப் பணம் கொடுத்த பெரிய சோதனை பிரிட்டனுடையது. 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண்ணில் 20 சதவீதத்தைக் கல்விக்கு வெளியேயான தாக்கத்துக்கு ஒதுக்கினார்கள். 2021இல் அது 25 சதவீதமானது. அளவிட்டது எண்ணால் அல்ல. முதல் முறை ஒவ்வொரு நேர்வுக்கும் நான்கு பக்கக் கதை: என்ன ஆய்வு, யார் பயன்படுத்தினார்கள், என்ன மாறியது, சான்று எங்கே. 2014இல் கிட்டத்தட்ட 7,000 கதைகள் வந்தன. பெரும்பாலானவற்றை இன்றும் இணையத்தில் படிக்கலாம். துறை வல்லுநர்களோடு ஆய்வைப் பயன்படுத்துவோரும் குழுவில் உட்கார்ந்து படித்து மதிப்பெண் போட்டார்கள். அந்த மொத்த மதிப்பீட்டுக்கும் ஆன செலவு 24.6 கோடி பவுண்டு என்று பின்னர் கணக்கிட்டார்கள். கதை எழுதிக் கொடுக்கவே ஆட்களை வேலைக்கு வைத்த பல்கலைக்கழகங்கள் உண்டு. நல்ல ஆய்வுக்கும் நன்றாக எழுதப்பட்ட கதைக்கும் இடையே மதிப்பெண் சறுக்கியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் அந்த நான்கு பக்க வடிவம் எனக்குப் பிடிக்கும். அது ஆய்வாளரை ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கிறது: யாருக்கு, என்ன?

இந்தியாவுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின் பின்னிணைப்பில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் கட்டுரைக்கான புள்ளிகள் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பொறுத்துக் கூடுகின்றன. தனி மனிதரை மதிப்பிட அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2013இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் அதே அட்டவணையில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: கொள்கை ஆவணம். பன்னாட்டு அமைப்புக்குக் கொடுத்தது என்றால் 10, தேசிய அளவில் 7, மாநில அளவில் 4. உங்கள் பாசன சங்கத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் உங்கள் பரிந்துரையை முறையான அறிக்கையாக்கி மாநில நீர்வளத் துறைக்குச் சமர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தை வாங்கிவைத்தால், அந்த 4 புள்ளிக்கு உரிமை கோரலாம். நான் வேலை பார்த்த இடத்தில் இப்படிக் கொண்டுவந்த ஒரு பேராசிரியரின் கோப்பை, “இது கட்டுரை இல்லையே” என்று திருப்பி அனுப்பினார்கள். விதியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேலே குத்தி மறுபடி அனுப்பச் சொன்னேன். இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழில் எழுதப்படும் ஆய்வுக்கு இன்னொரு தண்டனை உண்டு. இணையத்தில் ஒரு கட்டுரைக்கு நிலையான அடையாளமாக இருக்கும் டிஓஐ எண் இல்லையென்றால், மேலே சொன்ன கருவிகளில் பல அதை எளிதில் பார்க்காது. நம்முடைய பல தமிழ் ஆய்விதழ்கள் இன்னும் அந்த எண்ணைக் கொடுப்பதில்லை. கீழடி அகழாய்வைப் பற்றித் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது ஒரு துறை அறிக்கை; எந்த ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரும் அதன் மேல் ஒட்டியிருக்கவில்லை. அது கிளப்பிய விவாதம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். 2023இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. எந்தத் தராசில் வைப்பீர்கள்?

இனி உங்கள் கண்மாய். முதல் வேலை, தமிழ்ச் சுருக்கத்தை ஸெனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். டிஓஐ எண் உடனே கிடைக்கும். யாராவது அதைக் குறிப்பிட நினைத்தால் குறிப்பிட ஒரு முகவரி வேண்டுமல்லவா? தமிழ் விக்கிப்பீடியாவில் கண்மாய்ப் பாசனம் பற்றிய பக்கத்தில் உங்கள் கட்டுரை உண்மையிலேயே பொருந்துமானால், நீங்களே சேர்க்காமல் பேச்சுப் பக்கத்தில் பரிந்துரையுங்கள். அவரவர் கட்டுரையை அவரவரே செருகுவது அங்கே மரியாதையில்லை.

அடுத்தது சான்று. இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். தாக்கம் நடக்கும்போது யாரும் குறித்துவைப்பதில்லை. ஐந்து வருடம் கழித்துப் படிவம் வந்ததும் கடிதம் கேட்டு அலைவார்கள். அதற்குள் சங்கத் தலைவர் மாறியிருப்பார். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் முறை வைத்துத் தண்ணீர் விட முடிவெடுத்த நாளின் பக்கத்தைத் தேதி தெரியும்படி நகலெடுங்கள். அந்தத் தீர்மானத்தில் உங்கள் சுருக்கத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் பொன். இல்லையென்றால், அதைப் படித்துத்தான் முடிவெடுத்தோம் என்று சங்கத்தாரிடம் அவர்கள் நடையிலேயே ஒரு கடிதம் கேளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். உங்கள் வாக்கியம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு, நீங்கள் இல்லாமலே இது நடந்திருக்குமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்ததா? அப்படியென்றால் கடைமடைக்குத் தண்ணீர் போனதில் உங்களைவிட வருண பகவானுக்கே பங்கு அதிகம். மழை குறைந்த ஆண்டிலும் முறை நிலைக்கிறதா என்பதுதான் சோதனை. பக்கத்துக் கண்மாயில் அதே மழைக்கு என்ன நடந்தது என்று ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. மடையடி வயல்காரர்களிடமும் போய்க் கேளுங்கள். முறை வைத்ததில் இழந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் திட்டுவதையும் எழுதுங்கள். நான்கு பக்கக் கதையில் எல்லோரும் வாழ்த்துகிறார்கள் என்றால் படிப்பவர் நம்பமாட்டார்.

இவை எல்லாம் கையில் இருந்தால் நான்கு பக்கம் தானாகவே எழுந்துவிடும். படிவத்தில் இடமில்லை என்றாலும் நேர்காணலில் கொண்டுபோய் வையுங்கள். ஆறு மேற்கோள்களை மறைக்க வேண்டாம். உங்களுடைய இரண்டைக் கழித்து நான்கு என்றே சொல்லுங்கள். மீதி நான்கில் யார், எதற்காக எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள். அதில் ஒருவர் வேறு மாவட்டத்துக் கண்மாயில் வேலை செய்பவராக இருந்தால் அவருக்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள். அந்த ஊரில் கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று கேட்டு.